ஆயிரத்து இருபது கிராம்

அண்ணனூரில் எங்கள் அடுக்ககத்தின் வாசல் கேட்டை ஒட்டி ஒரு சின்ன அறை இருக்கிறது. இப்போது அதில் கூரியர் பார்சல்களும் ஓடாத ஒரு டிரெட்மில்லும் கிடக்கின்றன. அந்த அறையில் ஆறு வருடம் இட்லி மாவு விற்றவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். மரியாதைக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை என்னவென்றால், நாற்பத்தெட்டு வீட்டில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது. எல்லோருக்கும் அவர் மாவு அக்கா. சங்கத் தலைவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அக்காவைவிடப் பதினைந்து வயதாவது பெரியவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

முதல் நாளே நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "ஒரு லிட்டர் மாவு குடுங்க" என்றேன்.

அக்கா கரண்டியை டிரம்மிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "மாவு இன்னா பெட்ரோலா சார், லிட்டர்ல ஊத்த?"

"ஏதோ ஒண்ணு. ஒரு கிலோ குடுங்க."

"ஏதோ ஒண்ணு இல்ல சார். எடைன்னா எடை. அளவுன்னா அளவு. ரெண்டும் வேற வேற ஊரு."

எனக்குச் சுருக்கென்றது. நான் யார்? அம்பத்தூர் தொழிற்பேட்டையில் போல்ட், நட் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவின் மேலாளர். ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் ஒரு லாட்டையே திருப்பி அனுப்புகிறவன். எனக்கு ஒரு மாவுக்கடைக்காரர் அளவைப் பற்றிப் பாடம் எடுக்கிறாரா என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஆனால் மாவு நன்றாக இருந்தது. மறுநாளும் போனேன்.

அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் பழைய ஊரில் வீடு. அறையில் இரண்டு கிரைண்டர், ஒரு டிரம், ஒரு ஸ்டூல், ஸ்டூலின் மேல் மின்தராசு. அந்தத் தராசுக்கு மஞ்சள் துணியில் ஒரு உறை தைத்து வைத்திருந்தார். காலையில் கடை திறந்ததும் சாமி படத்துக்கு ஊதுபத்தி, அதன் பிறகு தராசுக்குப் பரீட்சை. முத்திரை குத்திய ஒரு லிட்டர் எவர்சில்வர் அளவையை வெறுமனே தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குவார். பிறகு அதில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுவார். ஆயிரம் வரவேண்டும். ஐந்து கிராம் முன்னே பின்னே இருந்தால் மன்னிப்பார். அதற்கு மேல் போனால் அன்றைக்கு மெக்கானிக் வரும்வரை வியாபாரம் கிடையாது.

"தண்ணி ஒண்ணுதான் சார் ரெண்டு பக்கமும் ஒரே பேச்சு பேசும்" என்பார். "எண்ணெ, தேனு, நெய், மாவு, எல்லாம் எடைகிட்ட ஒண்ணு சொல்லும், அளவுகிட்ட ஒண்ணு சொல்லும்."

மாவு ஊற்றும்போதும் ஒரு பழக்கம் உண்டு. தராசில் ஆயிரம் வந்ததும் நிறுத்த மாட்டார். இன்னும் ஒரு கோடு மாவு விழவிடுவார். ஆயிரத்து இருபது வந்த பிறகுதான் கவரைச் சுற்றி முடிச்சுப் போடுவார். யாராக இருந்தாலும் ஆயிரத்து இருபது. ஒருநாள் கேட்டேன், எதற்கு இருபது கிராம் தானம் என்று.

"தானம் இல்ல சார். கவர்ல ஒட்டிக்கும்ல? நீங்க ஊட்டுக்குப் போய் சட்டில ஊத்துறப்ப ஒரு கிலோ இருக்கணும். கவர்ல ஒட்டுனதுக்கு நீங்க எதுக்குக் காசு குடுக்கணும்?"

எங்கள் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இதைச் சொன்னேன். சிரித்தார்கள்.

எவர் எதைச் சொன்னாலும் அக்கா கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எடைக்கா, அளவுக்கா? என் மனைவி ஒருமுறை செல்போனில் பார்த்து கேக் செய்தாள். இருநூற்றைம்பது கிராம் மைதா என்று போட்டிருந்தது. இவள் இருநூற்றைம்பது மில்லி கப் ஒன்றை எடுத்து வழித்து அளந்து போட்டாள். கப்பிலேயே இருநூற்றைம்பது என்று எழுதியிருக்கிறதே, அப்புறம் என்ன! கேக் கூழாகிவிட்டது. அந்தக் கூழை ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய் அக்காவிடம் காட்டி, "முட்டை சரியில்லையோ?" என்றாள்.

அக்கா கிண்ணத்தைப் பார்க்கக்கூட இல்லை. "மாவ எடையா போட்டியா கண்ணு, அளவா போட்டியா?"

"கப்புலதான்க்கா."

"அந்தக் கப்புல மைதா நூத்தி நாப்பது கிராம் நின்னா ஜாஸ்தி. மீதி எங்க போச்சுன்னு கேக்கும்ல கேக்கு?"

இவ்வளவு தெரிந்தவர் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருப்பார் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் வாயைத் திறக்க மாட்டார். அதில் ஒரு வீம்பு. "கவுத்து வெச்ச கொடத்துல தண்ணி ஊத்தி இன்னா பிரயோஜனம்?" என்பார். அந்த வீம்புக்கு முதல் பலி நான்.

நல்லெண்ணெய் ஒரு லிட்டர் பாக்கெட் வாங்கிக்கொண்டு போகிற வழியில் மாவுக்கு நின்றேன். கூட்டமில்லை. ஏதோ குறுகுறுப்பில் பாக்கெட்டைத் தராசில் வைத்தேன். தொள்ளாயிரத்துப் பதினைந்து காட்டியது. ஒரு லிட்டருக்கு எண்பத்தைந்து கிராம் குறைவு! பிளாஸ்டிக்கின் எடையையும் கழித்தால் இன்னும் குறைவு! என் உடம்பில் இருந்த தரப் பரிசோதகன் விழித்துக்கொண்டான். "பாத்தீங்களாக்கா, பட்டப்பகல் கொள்ளை" என்றேன். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, ஈரத்துணியால் ஸ்டூலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நேராக மளிகைக் கடைக்குப் போனேன். கடையில் எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேரும் கேட்கும்படி, நுகர்வோர் நீதிமன்றம், உரிமம் ரத்து என்றெல்லாம் முழங்கினேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, பாக்கெட்டைத் திருப்பி அடியில் ஒரு இடத்தில் விரலை வைத்தார். 'ஒரு லிட்டர், 910 கிராம்' என்று அச்சடித்திருந்தது. "எண்ணெ தண்ணியவிட லேசு சார். அதனாலதானே ரசத்துல மெதக்குது?" என்றார். எட்டுப் பேரில் ஒரு அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

திரும்பி வந்து அக்காவிடம் சண்டை போட்டேன். "தெரிஞ்சிருந்தும் ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? பாத்தீங்களான்னீங்க. பாத்தேன்."

அன்றைக்குக் கோபம் வந்தது உண்மைதான். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த எண்ணெய்க் கதையை அக்கா எங்கள் அடுக்ககத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. வாட்ச்மேன் வரைக்கும் பரவியிருக்க வேண்டிய சமாசாரம், அப்படியே அமுங்கிப்போனது.

அவர் ஏன் இப்படி என்பது என் மகளின் பத்தாவது பிறந்தநாளன்று தெரிந்தது. மொட்டைமாடியில் சின்ன விருந்து. அக்காவையும் கூப்பிட்டிருந்தோம். புது எவர்சில்வர் தூக்கில் இரண்டு கிலோ மாவு பரிசாகக் கொண்டுவந்தார். கேக் வெட்டி, ஐஸ்கிரீம் கொடுக்கும்போது அக்கா வேண்டாம் என்றார். சர்க்கரை நோயா என்று கேட்டார்கள். இல்லை என்றார். பிள்ளைகள் விடவில்லை, அக்கா அக்கா என்று மொய்த்தார்கள்.

அக்கா பிரிக்காத ஒரு டப்பாவைக் கையில் தூக்கி ஏந்திப் பார்த்தார். "இது எவ்ளோ பாப்பா?"

"ஒரு லிட்டர்" என்றாள் என் மகள்.

"அரைக் கிலோதான் கீது."

அவ்வளவுதான். பிள்ளைகள் கீழே ஓடிப்போய்த் தராசை மஞ்சள் உறையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். வைத்தால், ஐந்நூற்று நாற்பது. மாடியில் ஒரே கூச்சல். "மீதி எங்க? மீதி எங்க?"

"மீதி காத்து" என்றார் அக்கா.

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பெரியவர்கள் கரண்டியை வாயில் வைத்தபடி என்னைப் பார்த்தார்கள், ஏதோ நான்தான் காற்றை அடைத்து ஊருக்குப் பரிமாறியது போல. எனக்கு அக்காவை ஏன் கூப்பிட்டோம் என்று இருந்தது.

பிறகு பாத்திரம் ஒழிக்கும்போது என் மனைவியிடம் சொன்னார், நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். "பதினெட்டு வருஷம் ஐஸ்கிரீம் கம்பெனில பேக்கிங்ல இருந்தேன் கண்ணு. பாலக் கடைஞ்சு உள்ள காத்த அடிப்பாங்க. அடிச்சாத்தான் பஞ்சாட்டம் வரும், இல்லாங்காட்டி வெறும் கட்டி. தப்பே இல்ல. டப்பா மேல மில்லின்னுதான் போட்டுகீறாங்க, கிராம்னு போடல. ஒரு பொய் கெடையாது. ஆனா எங்க லைனு சூப்பர்வைசரு டெய்லி சிரிச்சுகினே சொல்லுவாரு, காத்துக்கு எடை இல்லம்மா, வெல மட்டும் கீதுன்னு. அது அப்டியே மண்டையில குந்திகிச்சு. கம்பெனிய மூடி எங்கள அனுப்புனப்ப நெனச்சுகினேன், இனிமே நான் விக்கிறதுல காத்து இருக்கக் கூடாதுன்னு."

"மாவு புளிச்சா பொங்குதே, அதுவும் காத்துதானேக்கா?" என்றாள் என் மனைவி. அவளுக்கு இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் தோன்றும்.

"அது உங்க ஊட்டுல பொங்கட்டும். நான் குடுக்குறது மாவு. பொங்குனா அது உங்குளுது."

அதனால்தான் அக்கா எப்போதும் அரைத்த சூட்டோடு விற்பார். பொங்கிய மாவை விற்கவே மாட்டார். மிச்சமானால் மறுநாள் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்.

இப்படி ஐந்து வருடம் ஓடியது. ஆறாவது வருடம் டப்பா மாவு வந்தது.

ஒரு வெள்ளை வேனில் ஒருவர் வீடு வீடாக மாவு கொண்டுவந்தார். சட்டை இன் பண்ணியிருப்பார், தலைக்கு வலைத்தொப்பி. மூடி போட்ட வட்ட டப்பா, மூடியைத் திறந்தால் விளிம்பு வரை மாவு பொங்கி நிற்கும், அப்படி ஒரு வெள்ளை, அப்படி ஒரு மிருது. அக்காவின் ஒரு கிலோ என்ன விலையோ அதே விலை. கேட்டால் "ஒரு டப்பா சார், ஒரு லிட்டர்" என்பார். அவரும் பொய் சொல்லவில்லை. இந்தக் கதையில் ஒருவருமே பொய் சொல்லவில்லை, அதுதான் வேடிக்கை.

இரண்டாவது மாடியில் ஒரு ஐடி தம்பி, புதிதாகக் கல்யாணமானவர். அக்காவின் மாவைக் காலியான ஒரு டப்பாவில் ஊற்றி, பொங்கிய டப்பா மாவுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அடுக்ககத்தின் வாட்ஸாப் குழுவில் போட்டார். ஒன்று விளிம்பு வரை. ஒன்று விளிம்புக்கு ஒரு விரல்கட்டை கீழே. 'ஒரு கிலோன்னு சொல்லி எவ்வளவு தர்றாங்க பாருங்க.' அவ்வளவுதான், குழு தீப்பிடித்துக்கொண்டது. தண்ணீர் லாரி வராதபோதுகூட அத்தனை பேர் பேசியதில்லை. எத்தனை வருஷமா ஏமாந்தோம் என்றார் ஒருவர். நம்பிக்கைதான் முக்கியம் என்றார் இன்னொருவர். கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டார் தலைவர்.

விஷயம் இதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த அறை சங்கத்துக்குச் சொந்தம். வருடா வருடம் பொதுக்கூட்டத்தில் அக்காவுக்குப் புதுப்பித்துக் கொடுப்போம். அந்த வருடக் கூட்டம் அடுத்த ஞாயிறு. டப்பாக்காரரும் அறையைக் கேட்டிருந்தார், குளிர்பதனப் பெட்டி வைக்க.

"நீங்கதான் குவாலிட்டி ஆளு. நீங்களே பரிசோதிச்சு ஒரு ரிப்போர்ட் குடுத்துடுங்க. யாரும் குத்தம் சொல்ல முடியாது" என்றார் தலைவர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு கடிதத்தாளில் தலைப்பெல்லாம் எழுதி அடிக்கோடு போட்டேன்.

ஞாயிறு சாயங்காலம் நான்கு மணிக்கு அக்காவிடம் ஒரு கிலோ வாங்கினேன். அப்போதுதான் அரைத்து முடித்திருந்தார். எப்போதும் போல ஆயிரத்து இருபது. "கூட்டம் அஞ்சு மணிக்குத்தானே சார்?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டில் தராசு இல்லை. தராசு இருப்பது அக்காவிடம். குற்றம் சாட்டப்பட்டவரின் தராசிலேயே குற்றத்தை நிறுப்பதா? என் நேர்மை இடம் கொடுக்கவில்லை. ஆகவே மனைவியின் லிட்டர் ஜாடியை எடுத்தேன். பக்கத்தில் மில்லி கோடு போட்ட கண்ணாடி ஜாடி. டப்பா மாவை ஊற்றினேன். ஆயிரத்தைத் தொட்டது. கழுவித் துடைத்து அக்காவின் மாவை ஊற்றினேன். தொள்ளாயிரத்தில் நின்றுவிட்டது. கவரை வழித்துப் பார்த்தேன், ஜாடியைத் தட்டிப் பார்த்தேன். தொள்ளாயிரம்தான். 'அளவில் நூறு குறைவு' என்று எழுதினேன்.

மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, மத்தியானம் அக்கா எங்கிட்ட சொன்னாங்க. இந்த ரூம் போச்சுன்னா கிரைண்டர வைக்க எடம் இல்லையாம். வீட்டுல மகன், மருமக, ரெண்டு பிள்ளைங்க, எல்லாரும் ஒரே ரூம்ல படுக்குறாங்க. இந்த வயசுல எந்தக் கம்பெனில வேலைக்கு எடுப்பாங்கன்னு கேட்டாங்க. ஆனா சார் அளக்குறாரு, சார் கரெக்டா சொல்லிடுவாருன்னும் சொன்னாங்க."

"நான் அளந்ததத்தான சொல்ல முடியும்?"

"அப்ப அந்த ஆராய்ச்சிய நீங்களே எடுத்து வைங்க. நான் தொட மாட்டேன்" என்று போய்விட்டாள். எனக்கு நேரமாகிவிட்டது. ஜாடியை அப்படியே அடுப்பு மேடையில் விட்டுவிட்டுக் கீழே போனேன்.

கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அக்கா தராசை மஞ்சள் உறையோடு இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து தூண் ஓரமாக நின்றார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. நான் எழுந்து, கணீரென்று ரிப்போர்ட்டை வாசித்தேன்.

தலைவர் கேட்டார். "கிலோவுக்கு நூறு மில்லி குறையுதே. என்ன சொல்றீங்க அக்கா?"

"நான் கிலோவுலதானே சார் குடுத்தேன். நீங்க மில்லியில கேக்குறீங்க."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா. ஒரு லிட்டர்னா ஒரு கிலோ. ஸ்கூல் பிள்ளைக்குத் தெரியும்."

"அது தண்ணிக்கு சார்" என்றார் அக்கா.

"அப்ப தண்ணி வேற சேக்குறீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு ஓயுமுன் எனக்குப் புரிந்துவிட்டது. தண்ணிக்கு. நல்லெண்ணெய் பாக்கெட்டின் அடியில் இருந்த கடைக்காரரின் விரல் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. எண்ணெய் தண்ணீரைவிட லேசு, அதனால் லிட்டருக்குக் கிலோ வராது. பொங்காத மாவு தண்ணீரைவிடக் கனம், அதனால் கிலோவுக்கு லிட்டர் வராது. பொங்கிய மாவில் ஏகப்பட்ட காற்று. அக்கா ஒரு கிராம் குறைக்கவில்லை. குறைத்தது என் ஜாடி. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், ஒரு முழு நிமிடத்துக்கு முன்னால்தான் நாற்பத்தெட்டு வீட்டுக்கும் கேட்க அதை வாசித்து முடித்திருந்தேன்.

அக்கா தராசை உறையிலிருந்து எடுத்து ஒரு காலி நாற்காலியில் வைத்தார். "இந்தா கீது மெஷினு. யார் ஊட்ல வேணா ஒரு கவர் எடுத்தாந்து வையுங்க. அந்த டப்பாவையும் வையுங்க."

"மெஷின் உங்களுதாச்சே" என்றார் தலைவர்.

"செட்டிங் மாத்தலாம் சார், யூடியூப்ல இருக்கு" என்றார் ஐடி தம்பி.

அக்கா மஞ்சள் உறையை நான்காக மடித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். "அப்ப சாரைக் கேளுங்க. சாருக்குத் தெரியும். அவுரு சொல்லட்டும்."

எண்ணெய் பாக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே ஜெயித்திருப்பார். என் மானத்தை என் கையிலேயே கொடுத்துவிட்டு, உண்மையை மட்டும் கேட்டார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் கையில் அடிக்கோடு போட்ட தாள். எழுந்து, நான் அளந்தது தப்பு, எடை போட்டிருக்க வேண்டும் என்று சொன்னால் முடிந்தது. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. தரப் பரிசோதனை மேலாளருக்குக் கிலோவும் லிட்டரும் தெரியாதாம் என்று நாளைக்குக் குழுவில் வரும் பொம்மைகளை நினைத்துப் பயந்தேன்.

"அளந்தத எழுதியிருக்கேன். முடிவ கமிட்டி எடுக்கட்டும்" என்றேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. "சரி சார்" என்றார். தராசுக்கு உறையை மாட்டி, நாடாவை இழுத்துக் கட்டி, இடுக்கிக்கொண்டு போனார். கமிட்டி முடிவெடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு சமோசா கொடுத்தார்கள்.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டே சமையலறைக்குப் போனேன். அடுப்பு மேடை முழுவதும் மாவு. ஜாடியின் கழுத்தைத் தாண்டி, கைப்பிடி வழியாக வழிந்து, மேடையில் ஓடி, இழுப்பறைக்குள்ளும் இறங்கியிருந்தது. நேற்று நூறு குறைந்த மாவு இன்று லிட்டர் கோட்டைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. எடை போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து யாரும் அதில் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை.

மனைவி வந்து பார்த்தாள். "படம் எடுத்து குரூப்ல போடுங்க" என்றாள்.

எடுத்தேன். 'என் அளவீட்டில் ஒரு தவறு' என்று தட்டச்சும் செய்தேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். பிறகு போனை வைத்துவிட்டு ஈரத்துணியை எடுத்து மேடையைத் துடைக்க ஆரம்பித்தேன். புளித்த மாவு காய்ந்தால் லேசில் போகாது. அரை மணி நேரம் ஆயிற்று. 

அந்த மாதக் கடைசியில் ஒரு குட்டியானை வண்டி வந்து கிரைண்டர்களை ஏற்றிக்கொண்டு போனது. நான் அந்த நேரம் பார்த்து ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டேன். டப்பாக்காரர் ஏழே மாதத்தில் கட்டுப்படியாகவில்லை என்று அறையைக் காலி செய்தார். அதற்குள் நான் ஒரு சமையலறைத் தராசு வாங்கியிருந்தேன். அவருடைய டப்பா ஒன்றை அதில் வைத்தும் பார்த்துவிட்டேன். அறுநூற்றுத் தொண்ணூறு. அதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. கேட்காதவர்களிடம் எதற்குச் சொல்வது என்று அக்கா பாணியில் எனக்கு நானே ஒரு நியாயம் வைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து, வேலை விஷயமாக ஸ்ரீபெரும்புதூர் போய்த் திரும்பும்போது சென்னீர்குப்பத்தில் வண்டி பஞ்சரானது. பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் தகரம் அடித்த ஒரு சின்னக் கடை. வாசலில் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். உள்ளே ஸ்டூல், ஸ்டூலின் மேல் தராசு, ஆணியில் மஞ்சள் உறை. கரண்டியோடு அக்கா.

கொஞ்சம் இளைத்திருந்தார். வியாபாரம் நன்றாக நடந்தது, அதைப் பார்த்து எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் பாதி, என் பாரம் குறைந்த சந்தோஷம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரிசையில் நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கினேன். இரண்டு வருடமாக அடுக்கியதுதான்.

எனக்கு முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ ஓட்டுநர். தராசில் ஆயிரம், பிறகு ஒரு கோடு, ஆயிரத்து இருபது. அடுத்து ஒரு பள்ளிக்கூட ஆயா. ஆயிரத்து இருபது. அடுத்தது நான்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. "வாங்க சார். ஊட்ல அம்மா நல்லா கீறாங்களா? பாப்பா?"

"எல்லாரும் நல்லாயிருக்கோம். அக்கா, அன்னைக்குக் கூட்டத்துல நான்..."

"ஒரு கிலோவா, ரெண்டா சார்?"

"ஒரு கிலோ. இல்லக்கா, அன்னைக்கே எனக்குத் தெரியும். நான்தான் வாயத் தொறக்காம..."

"தெரியும்னு எனக்கும் தெரியும் சார்" என்றார் அக்கா. குரலில் கோபமே இல்லை. கவரை விரித்துத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, மாவை ஊற்றினார். எண் ஏறியது. தொள்ளாயிரத்து எண்பது. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து. கரண்டியை மெல்லச் சாய்த்தார். ஆயிரம்.

கரண்டியை நிமிர்த்திவிட்டார்.

"கரெக்டா ஒரு கிலோ. பாத்துக்குங்க சார்" என்று தராசை என் பக்கம் திருப்பிக் காட்டி, முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். எனக்குப் பின்னால் நின்ற பெண், "அக்கா, எனக்கு ரெண்டு" என்று கையை நீட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் சட்டியை என் தராசில் வைத்து மாவை ஊற்றினேன். கவரை உள்ளும் புறமும் திருப்பி, விரலால் வழித்து, உதறியும் பார்த்தேன். தொள்ளாயிரத்து எண்பதுக்கு மேல் ஏறவில்லை.